டோர் டிரிம்மில் ஒட்டும் திருட்டுத் தடுப்பு ஸ்டிக்கருக்கும் தீ சோதனை உண்டா?

ஒரகடம்வாசி | திங்கள், இரவு 9.20

வணக்கம். லேபிள் அச்சிடும் சிறிய யூனிட் ஒன்றில் தர ஆய்வு பார்க்கிறேன். டயர் பிரஷர் ஸ்டிக்கர், பேட்டரி எச்சரிக்கை ஸ்டிக்கர் என்று இதுவரை பெரிய தலைவலி இல்லாமல் ஓடியது. இப்போது டோர் டிரிம், அதாவது கதவின் உட்பக்கப் பிளாஸ்டிக் பேனல், செய்யும் ஒருவரிடமிருந்து என்கொயரி வந்திருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகிற வண்டி. வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண், அச்சிட்ட லேபிள் வேண்டும். பிய்த்தால் முழுதாக வராமல் பொடிப்பொடியாகக் கிழிய வேண்டும். மூன்று இடத்தில் ஒட்டுகிறார்கள்: கதவின் தகரத்தில் ஒன்று, டிரிம் பேனலின் பின்பக்கம் ஒன்று, கிளவ் பாக்ஸ் மூடியின் உள்ளே ஒன்று. டிராயிங் ஓரத்தில் பொடி எழுத்தில் "எஃப்எம்விஎஸ்எஸ் 302 பொருந்தும்" என்று, அமெரிக்காவின் வாகனத் தீ விதியைப் போட்டிருக்கிறார்கள். எந்த லேபிளுக்கு என்று சொல்லவில்லை.

முதலாளி, "கட்டைவிரல் அளவு ஸ்டிக்கர் எரிஞ்சா காரா எரிஞ்சிடும்? இருக்கிற மெட்டீரியல்லயே அடிச்சுக் கொடு" என்கிறார். பேனலின் பின்பக்கம் ஒட்டுவது கண்ணிலேயே படாது, அதற்கும் சோதனை வேண்டுமா? தீத்தடுப்பு ரகத்துக்கு மாறினால் கிழிகிற குணம் கெட்டுப்போகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டெட்ராய்ட்_தமிழன் | செவ்வாய், காலை 7.05

தம்பி, மூன்று லேபிளையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். முதலில் எது சட்டத்துக்காக, எது கம்பெனியின் ஆசைக்காக என்று பிரியுங்கள்.

அமெரிக்காவில் உதிரிபாகங்களில் எண் போடச் சொல்வது திருட்டுத் தடுப்புத் தரம், பகுதி 541. 1984ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. 1987 மாடல் வண்டிகளிலிருந்து நடைமுறை. அதன் பட்டியலில் எஞ்சின், கியர்பாக்ஸ், முன் ஃபெண்டர்கள், பானட், கதவுகள், பம்பர்கள், பின் குவார்ட்டர் பேனல்கள், டிக்கி மூடி இவைதான் உண்டு. டிரிம் பேனலும் இல்லை, கிளவ் பாக்ஸும் இல்லை. ஆகவே உங்கள் மூன்றில் கதவுத் தகர லேபிள் ஒன்றுதான் அந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்வது. மற்ற இரண்டும் கம்பெனி தானாகக் கேட்பது.

இப்போது தீ. 302 என்பது 1972 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் விதி. சிகரெட் நெருப்பு, தீக்குச்சி போன்றவற்றால் காருக்குள்ளே தொடங்கும் தீயை மனதில் வைத்து எழுதினார்கள். 102 மில்லிமீட்டர் அகலம், 356 நீளம் உள்ள துண்டைப் படுக்கையாகப் பிடித்து, நுனியில் 15 விநாடி பர்னர் காட்டுவார்கள். தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. அவ்வளவுதான் தேர்வு. சீட் குஷன், சீட் பெல்ட், கூரைத் துணி, சன் வைசர், தரைவிரிப்பு, டிரிம் பேனல்கள் என்று எதெதற்குப் பொருந்தும் என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது. "லேபிள்" என்ற சொல் அந்தப் பட்டியலில் கிடையாது.

அப்படியானால் தப்பித்தோம் என்று உங்கள் முதலாளி சொல்வார். இல்லை. பட்டியலில் டிரிம் பேனல் இருக்கிறது. அதன்மேல் ஒட்டிய பிறகு ஸ்டிக்கர் அந்தப் பேனலின் ஒரு பகுதி. பயணிகள் இருக்கும் காற்றுவெளியிலிருந்து 13 மில்லிமீட்டருக்குள் இருக்கிற எந்தப் பகுதியும் தேற வேண்டும் என்கிறது விதி. டிரிம் பேனல் பிளாஸ்டிக் மொத்தமே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தானே? பின்பக்கம் ஒட்டினாலும் நீங்கள் 13க்குள்தான். கண்ணில் படுகிறதா இல்லையா என்பதை அந்த விதி கேட்கவில்லை.

கதவுத் தகரத்தில் ஒட்டுவதை நான் இந்தச் சோதனைக்குள் கொண்டுவர மாட்டேன். ஆனால் டிராயிங்கில் எழுதியவரிடமே அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரகடம்வாசி | செவ்வாய், காலை 8.40

அண்ணே, மிக்க நன்றி. பேனலோடு சேர்த்துச் சோதிப்பதா, ஸ்டிக்கரைத் தனியாகச் சோதிப்பதா? தனியாக என்றால் படலம் மெல்லியது, பற்றிக்கொண்டு ஓடிவிடும் என்று பயமாக இருக்கிறது.

டெட்ராய்ட்_தமிழன் | செவ்வாய், மாலை 5.30

உங்கள் வேலையின் முடிச்சே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தொடும் இடம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் அடிப்பொருளோடு சேர்த்துச் சோதிக்கலாம். எங்காவது ஒட்டாமல் இருந்தால் தனியாகத் தேற வேண்டும். விதியில் இதற்கென்றே இரண்டு வரி இருக்கிறது.

சாதாரண ஸ்டிக்கருக்கு முதல் வழி. இரண்டு மில்லிமீட்டர் பாலிபுரொப்பிலீன் பேனலின் மேல் மெல்லிய ஸ்டிக்கர் ஒட்டினால் எரியும் வேகத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் பேனல்தான். ஆனால் திருட்டுத் தடுப்பு லேபிள்களில் ஒரு ரகம் உண்டு. பசையைப் புள்ளி புள்ளியாகவோ எழுத்து வடிவிலோ இடைவெளி விட்டுத் தடவியிருப்பார்கள், உரித்தால் பாதி அங்கே நிற்கும், பாதி கையோடு வரும். அந்த இடைவெளிகளில் அது ஒட்டவில்லையே! சோதனைக்கூடத்துக்காரர் கறாரானவர் என்றால் "தனியாகக் கொடு" என்பார். வெறும் படலத்தை யூ வடிவச் சட்டத்தில் மாட்டி நெருப்புக் காட்டினால், நீங்கள் பயந்ததுதான் நடக்கும். எந்த ரக லேபிள் என்று முதலில் சொல்லுங்கள்.

ஒரகடம்வாசி | செவ்வாய், இரவு 8.15

பசை முழுப் பரப்பிலும் இருக்கிறது. படலம்தான் நொறுங்கும் வகை, முட்டை ஓடு மாதிரி உடையும் என்பார்களே, அது.

பசை_ஓசூர் | செவ்வாய், இரவு 10.50

அப்படியென்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். நான் பசைத் தயாரிப்பில் இருப்பவன், மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

நொறுங்கும் படலம் பிவிசி வகை என்றால் அதில் குளோரின் இருக்கிறது; தானாகவே தீயை அடக்கும் குணம் கொஞ்சம் உண்டு. பிரச்சினை அடியில் இருக்கும் அக்ரிலிக் பசை. அது நன்றாக எரியும். மெல்லிய லேபிளில் எடைக்கு எடை பார்த்தால் பசை ஒன்றும் அற்பமான பங்கு அல்ல.

உடனே எல்லோரும் சொல்வது, பசையில் தீத்தடுப்பான் கலந்துவிடு என்பதுதான். அலுமினியம் ஹைட்ராக்சைடு பொடி போட்டால் சூட்டில் நீரை விட்டுத் தீயைக் குளிர்விக்கும், சரி. ஆனால் பயன் தெரிகிற அளவுக்குப் போட்டால் பசை முரடாகி, பிடிப்பு இறங்கும். பிடிப்பு இறங்கினால் லேபிள் நொறுங்காது, ஒரே துண்டாக உரிந்து வரும். திருடனுக்கு அதைவிட என்ன வேண்டும்? பகுதி 541 கேட்பதே அதற்கு நேர் எதிர்: கழற்றினால் லேபிள் தானே அழிய வேண்டும் அல்லது எண் படிக்க முடியாமல் போக வேண்டும், ஒட்டியிருந்த தடமும் பாகத்தில் தெரிய வேண்டும். தீயில் தேறிய லேபிள் திருட்டில் தோற்பது இந்த இடத்தில்தான்.

புரோமின் சேர்ந்த பழைய தீத்தடுப்பான்கள் பசையை இவ்வளவு கெடுக்காது. அவற்றில் பலவற்றை ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள். காருக்குள் காற்றில் இந்த ரசாயனங்கள் மிதக்கின்றன என்று 2024இல் அமெரிக்க ஆய்வொன்று வந்து, 302 விதியையே திருத்த வேண்டும் என்று பேச்சு எழுந்தது. வாடிக்கையாளர் தடைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

என் யோசனை: டிரிம்முக்குப் போகும் இரண்டு லேபிளிலும் பசையைத் தொடாதீர்கள். பசைப்பூச்சின் கனத்தையும் லேபிளின் அளவையும் குறைத்து, பேனலோடு சேர்த்துச் சோதனைக்குக் கொடுங்கள். தகரத்துக்குப் போவதில் நல்ல கனமான பசை போடுங்கள், கெட்டியாகப் பிடிக்கட்டும்.

மெக்கானிக்_சேலம் | புதன், காலை 6.45

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். கார் முழுசா எரிஞ்சு போச்சுன்னா ஸ்டிக்கர் எங்கே மிஞ்சும்? அப்புறம் எதுக்கு இந்த ஆராய்ச்சி?

டெட்ராய்ட்_தமிழன் | புதன், காலை 7.30

எண்ணைக் காப்பாற்ற எழுதிய விதி இல்லையே இது. உள்ளே இருப்பவர் இறங்கி ஓடச் சில விநாடி கூடுதலாகக் கிடைக்க எழுதியது. எரிந்த பிறகு அடையாளம் என்ன ஆகும் என்பதைப் பற்றி 302இல் ஒரு வரியும் இல்லை. அது தனிக் கதை, இங்கே தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

தடயம்_ஓய்வு | புதன், காலை 11.10

இருக்கிறேன். தடய அறிவியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேலம் நண்பர் கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் காரைத் திருடியவன் அதைக் கொளுத்துவதே பல சமயம் அதற்காகத்தான்.

கார் நன்றாகப் பற்றி எரிந்தால் உள்ளே 800 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அலுமினியம் 660இல் உருகிவிடும். டேஷ்போர்டில் கண்ணாடி வழியாகத் தெரியும் வின் தகடு, ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட், எஞ்சின் பிளாக்கே அலுமினியக் கலவை என்றால் அதிலிருக்கும் எண், எல்லாம் வழிந்து போகலாம். கண்ணாடியில் அரித்து எழுதிய எண் சில்லுகளோடு தரையில் கிடக்கும். ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மிஞ்சுவது சேசிஸ் இரும்பில் பஞ்ச் அடித்த எண்தான். நம் மத்திய மோட்டார் வாகன விதி 122 அதனால்தான் எனக்குப் பிடித்த விதி: எண்ணை உலோகத்திலேயே பதி என்கிறது.

அந்த எண்ணைத் திருடன் ராவிவிட்டான் என்று வையுங்கள். தீ இல்லாவிட்டால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பஞ்ச் அடிக்கும்போது எழுத்துக்குக் கீழே இருக்கும் இரும்பும் நசுங்கியிருக்கும். மேலே ராவினாலும் அந்த நசுங்கல் ஆழத்தில் இருக்கும். குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால் நசுங்கிய இரும்பு வேறு விதமாக அரிபடும், எண் மெல்ல எழும்பி வரும். பார்க்க ஆனந்தமாக இருக்கும்.

ஆனால் ராவிவிட்டு, பிறகு கொளுத்திவிட்டான் என்றால் கதை மாறும். 600, 700 டிகிரியில் போதுமான நேரம் கிடந்த இரும்பின் உள்ளமைப்பு புதிதாக அமைந்துவிடும். நசுங்கலின் நினைவே அதற்கு இருக்காது. அமிலம் எதைக் காட்டும்? வெல்டிங் டார்ச்சால் அந்த இடத்தை மட்டும் சுட்டு எடுக்கிற கில்லாடிகளும் உண்டு.

இன்னொன்று. எரிந்த வண்டியில் சேசிஸ் எண் தேடும்போது தயவு செய்து கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். தீயணைப்புத் தண்ணீர் பட்டு ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும், ஆர்வத்தில் ஆளாளுக்குச் சுரண்டுவார்கள். கரைப்பான், மெதுவான பிரஷ், பொறுமை போதும்.

சர்வேயர்_கோவை | புதன், மதியம் 2.20

ஐயா சொன்னதற்கு இன்சூரன்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். எண் அழிந்த கார் எங்களுக்குத் தலைவலி, ஆனால் எண் அழியாத எரிந்த கார் அதைவிடப் பெரிய தலைவலி.

எரிந்து டோட்டல் லாஸ் ஆன வண்டியைக் கழிவாக ஏலத்தில் விற்பார்கள். வாங்குகிறவனுக்குச் சிலசமயம் இரும்பு வேண்டியதில்லை. ஆர்சி புத்தகமும் சேசிஸ் எண் உள்ள அந்தச் சாண் அகலத் தகரமும் போதும். அதே மாடல், அதே நிறத்தில் ஒரு வண்டியைத் திருடி, அதன் எண்ணை வெட்டி எறிந்து, இந்தத் தகரத்தை வைத்து வெல்டு அடித்தால் திருட்டு வண்டிக்கு முறையான காகிதம் வந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55, வண்டி அழிந்தால் உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கிளெய்ம் பணம் கைக்கு வந்த பிறகு அந்தப் பக்கம் எத்தனை பேர் போகிறார்கள்?

அதனால் செகண்ட் ஹாண்ட் வண்டி பார்க்கிறவர்கள் சேசிஸ் எண்ணைப் படித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். எண்ணைச் சுற்றி ஒரு சதுரமாக வெல்டிங் கோடு, புதுப் பெயிண்ட், அங்கே மட்டும் வேறு கனத்தில் தகரம், இவற்றைப் பாருங்கள்.

மெக்கானிக்_சேலம் | புதன், மாலை 6.00

எங்க பக்கம் இதுக்கெல்லாம் ஜிபிஎஸ் மாட்டிக்கறாங்க. ஆனா மாட்டற லட்சணம் இருக்கே! பேட்டரியிலிருந்து நேரா வயர் இழுத்து, ஃபியூஸ் இல்லாம, ஒரிஜினல் வயரிங் ஹார்னஸைக் கீறி முறுக்கி, மேல இன்சுலேஷன் டேப். திருட்டைத் தடுக்கப் போய்த் தீயைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற வேலை. பாசிட்டிவ் வயர்ல பேட்டரிக்குப் பக்கத்துலேயே ஃபியூஸ் இல்லேன்னா வண்டியை எடுக்காதீங்க. சைடு கண்ணாடிக்கு லேமினேட்டட் போட்டா உடைச்சுத் திருட முடியாதுங்கறாங்களே, தீ பிடிச்சா உள்ளே இருக்கறவன் எப்படி வெளியே வருவான்?

நெறியாளர் | புதன், மாலை 6.25

கண்ணாடி விஷயம் நல்ல கேள்வி, தனி இழை தொடங்குங்கள். 2019இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ ஆறு வகை அவசரச் சுத்தியல்களைச் சோதித்ததில் லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிகிறேன். இங்கே அடையாள எண்களோடு நிற்போம்.

கேப்டவுன்_குமரன் | புதன், இரவு 11.40

தென்னாப்பிரிக்காவிலிருந்து. இங்கே 2012 செப்டம்பர் 1க்குப் பிறகு முதல்முறை பதிவாகும் வண்டிகளுக்கு மைக்ரோடாட் கட்டாயம். ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறிய புள்ளிகள், ஒவ்வொன்றிலும் அடையாள எண். பசையில் கலந்து வண்டி முழுக்க ஆயிரக்கணக்கில் தெளிப்பார்கள். புறஊதா விளக்கில் மின்னும், பூதக்கண்ணாடியில் படிக்கலாம். எல்லாவற்றையும் தேடிச் சுரண்ட எவனுக்கும் பொறுமை இருக்காது. இந்தியாவிலும் 2019 ஜூலையில் இதற்கு வரைவு அறிவிக்கை வந்ததே. ஸ்டிக்கர் சண்டைக்கு இது தீர்வாகாதா?

பசை_ஓசூர் | வியாழன், காலை 9.05

திருட்டுக்கு அருமையான தீர்வு. வண்டியைப் பிரித்து விற்பவனுக்கு நிஜமாகவே தொல்லை. வரைவில் ஏஐஎஸ் 155 என்ற இந்திய வாகனத் தரத்தைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் புள்ளிகள் பிளாஸ்டிக் படலமாக இருந்தால் தீயில் எப்படி நிற்கும்? பாலியெஸ்டர் 260 டிகிரி பக்கத்தில் உருகும். கேபினுக்குள் தெளித்தவை போகும். சேசிஸ் அடியில், சூடு எட்டாத மூலையில் தெளித்தவை சில தப்பலாம்.

தடயம்_ஓய்வு | வியாழன், காலை 10.30

சில தப்பினாலே போதும் ஐயா. ஆயிரத்தில் ஒன்று கிடைத்தால் எனக்கு வழக்கு நிற்கும். லேபிளில் அந்த வாய்ப்பு இல்லை, இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். என்னைக் கேட்டால் எரியாத லேபிள் செய்ய மெனக்கெடுவதைவிட, இரும்பில் இரண்டாவதாக ஒரு மறைவான இடத்தில் பஞ்ச் அடிப்பதுதான் மலிவு, உறுதி.

டெட்ராய்ட்_தமிழன் | வியாழன், மாலை 6.10

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கம்பெனிகள் போகிற திசை வேறு. அமெரிக்க விதிகளின் பகுதி 543இன் கீழ், தரமான இம்மொபிலைசரை (சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினைக் கிளப்ப விடாத கருவி) ஒரு மாடல் வரிசை முழுவதற்கும் ஸ்டாண்டர்டாகக் கொடுத்தால், பாகங்களில் எண் போடுவதிலிருந்தே விலக்குக் கேட்கலாம். பலர் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள். வண்டியை ஓட்டிச் செல்வதை இம்மொபிலைசர் தடுக்கும், சரி. டோ டிரக்கில் தூக்கிப் போய்க் கழற்றி விற்றால் பாகத்தில் எண் இல்லையே. செலவு மிச்சம் என்பதைத் தாண்டி இந்த விலக்கை என்னால் ரசிக்க முடியவில்லை.

மின்வண்டி_வேலூர் | வியாழன், இரவு 9.00

மின்சார வண்டியில் இந்தச் சண்டை தலைகீழ் என்று நினைக்கிறேன். 2022 மார்ச்சில் எங்கள் ஊரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் இத்தகைய மின் வண்டிகளின் பாதுகாப்புத் தரமான ஏஐஎஸ் 156 திருத்தப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக அமலானது. எரிந்த பேக் எந்தத் தொகுதி, எந்த செல், எப்போது செய்தது என்று தேடிப் பிடிக்க முடியாவிட்டால் தீ விசாரணையே நடக்காது. அதனால் பேட்டரிக்கு அடையாளம் கேட்பது தீப் பாதுகாப்புக்காரர்களே. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரிக்கு கியூஆர் குறியீட்டோடு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். வண்டியில் அதிகம் விலைபோகிற பாகமும் பேட்டரிதான், திருடனின் கண்ணும் அங்கேதான். அவர்கள் தீக்காகப் போடும் எண் திருட்டுக்கும் ஆகும்.

பசை_ஓசூர் | வியாழன், இரவு 9.40

நல்ல கோணம். அந்த எண்ணைக் காகித லேபிளில் போட்டுவிட்டுப் பாஸ்போர்ட் என்று சொல்லாமல் இருக்க வேண்டும். உறையிலேயே லேசரில் செதுக்கினால் பசைக்கு வேலையே இல்லை. எனக்கு வியாபாரம் போகும், பரவாயில்லை.

ஒரகடம்வாசி | வெள்ளி, மாலை 7.15

எல்லோருக்கும் நன்றி. இன்று டிரிம் சப்ளையரிடம் பேசினேன். கதவுத் தகர லேபிளுக்கு 302 வேண்டாம் என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பின்பக்க லேபிளை ஏன் அங்கே கேட்டீர்கள் என்றதற்கு, பழைய மாடல் டிராயிங்கிலிருந்து அப்படியே வந்தது என்றார்கள்! அதை எடுத்துவிடப் பார்க்கிறார்கள். கிளவ் பாக்ஸ் லேபிள் மட்டும் நிற்கிறது, பேனலோடு சேர்த்துச் சோதனை. பக்கத்திலேயே வாகனச் சோதனை மையமான ஜிஏஆர்சி இருக்கிறது, அங்கே கேட்கலாம் என்றிருக்கிறேன். லேபிள் சின்னது, சோதனைத் துண்டு பெரியது. மாதிரியை எப்படித் தயார் செய்வது?

டெட்ராய்ட்_தமிழன் | சனி, காலை 6.50

அதே படலம், அதே பசைக்கனம், அதே மை, இவற்றைப் பெரிய ஷீட்டாக அடித்து, உண்மையான மூடியின் பிளாஸ்டிக்கில் அதே கனத்தில் வார்த்த தட்டின் மேல் ஒட்டிக் கொடுங்கள். குமிழி, மடிப்பு இருந்தால் ஒட்டாத இடம் என்று ஆகிவிடும், உருளை போட்டு அழுத்துங்கள். ஒட்டிய அன்றே ஓடாதீர்கள். பசை பிடிக்க நேரம் கொடுங்கள். சோதனைக்கு முன் 21 டிகிரியிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் வைக்கச் சொல்கிறது விதி, நம் ஊர்க் காற்றில் அது கூடத்துக்குள்தான் முடியும்.

இதே எரியும் வேகச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3795 முறையில் குறைந்தது ஐந்து துண்டு கேட்பார்கள். படலம் நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்குவாக்கில் வேறு மாதிரியும் எரியலாம், எனவே இரண்டு திசைக்கும் தனித்தனியாக ஐந்து. கூடவே லேபிள் ஒட்டாத வெறும் தட்டும் கொடுங்கள். தோற்றால் தோற்றது பேனலா லேபிளா என்று சண்டை வரும், அப்போது அது கையில் இருக்க வேண்டும்.

ஒரகடம்வாசி | சனி, காலை 9.30

வெறும் தட்டுக்கும் சோதனைக் கட்டணம் யார் தலையில் என்று முதலாளி கேட்கிறார். டிரிம் சப்ளையரிடம் திங்கட்கிழமை பேசிவிட்டு எழுதுகிறேன்.